கையெழுத்துதானே, போட்டால் என்ன?

எனக்கு ஏழு லட்சம் ரூபாய் கடன் வாங்கி வைத்துவிட ஊரே துடித்த ஒரு மாதம் என் வாழ்க்கையில் உண்டு. பி.யூ.சி., அதாவது கர்நாடகத்துப் பிளஸ் டூ, முடித்த கையோடு வந்த மாதம் அது. கோலார் தங்க வயலில், பாலகாட் பக்கம் இருக்கிற எங்கள் லைன் வீட்டுக்கு அப்போது வந்தவர்கள் யாரும் "சாப்டியா" என்று கேட்கவில்லை. "லோன் போட்டாச்சா?" என்றுதான் கேட்டார்கள். ஐம்பது ரூபாய் கைமாற்று கேட்டால் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே பேச்சை மாற்றுகிற ஆட்கள்கூட, ஏழு லட்சம் என்றதும் கர்ணனாகிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு படி மேலே போனார்.

"படிப்புக்கு வாங்கற கடன் கடனே இல்லடி" என்றார்.

"அப்ப திருப்பிக் கட்றது மட்டும் இன்னாத்துக்குக்கா?" என்று கேட்டேன்.

"வாயப் பாரு, காது வரைக்கும் நீளுது" என்று சொல்லிவிட்டு, வந்த காரியமான ஒரு டம்ளர் சர்க்கரையை வாங்கிக்கொண்டு போனார். அந்தச் சர்க்கரை இன்றுவரை திரும்பி வரவில்லை.

நான் வாங்கிய மார்க் எங்கள் தெருவுக்கு அதிகம், பெங்களூருக்குக் குறைச்சல். நுழைவுத் தேர்வில் ரேங்க் என்று ஒன்று வந்தது. அதைப் படித்து முடிக்கும்போது மூச்சு வாங்கியது, அத்தனை இலக்கங்கள். அந்த ரேங்குக்கு அரசாங்க சீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது, தனியார் காலேஜில் காசு கட்டித்தான் சேர வேண்டும் என்று சொன்னவர் எங்கள் ஊர்க் கடைத்தெருவான ஆண்டர்சன்பேட்டையில் செல்போன் ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில், சீட் பிடித்துத் தருகிற கன்சல்டன்சி வைத்திருந்த ஒரு மனிதர். அப்பாவும் நானும் அவர் எதிரில் உட்கார்ந்தோம். வழவழவென்று ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். அட்டையில் மரத்தடியில் நாலு பேர் லேப்டாப்பைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்படிச் சிரிக்கிற மாதிரி அதில் என்ன ஓடிக்கொண்டிருந்ததோ, தெரியவில்லை.

"ஃபீஸ் பத்தி கவலையே படாதீங்க சார்" என்றார் அவர். கவலைப்படத்தான் நாங்கள் போயிருந்தோம். "லோன் கீது. பாப்பா படிச்சு முடிச்சு மொத சம்பளம் வாங்கறப்போ இதெல்லாம் ஜுஜுபி."

சீட்டை வெள்ளிக்கிழமை சாயந்திரம் நாலு மணி வரை பிடித்து வைப்பதாகச் சொன்னார். அதற்கு அவருக்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தோம். அதற்கு லோன் கிடையாதாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த காலேஜ் வேண்டும். ஆசை என்றால் அப்படி ஒரு ஆசை. அம்மாவோ, "நம்ம ஊரு கவர்மெண்ட் காலேஜ்ல பி.காம். படியேன், நடந்து போய் நடந்து வரலாம்" என்று தினமும் ஓதினாள். செத்தாலும் அங்கே போகமாட்டேன் என்று நானும் தினமும் பதில் ஓதினேன். ஹாஸ்டலில் ஒரு கட்டில், ஒரு மேஜை, கழுத்தில் ஒரு ஐ.டி. கார்டு, இவ்வளவுதான் நான் கேட்டது. இதற்காக ராத்திரி சாமி கும்பிடக்கூட ஆரம்பித்திருந்தேன்.

ஆனால் எனக்குக் கணக்கும் வரும், அதுதான் தொல்லை. அந்த வழவழப் புத்தகத்தின் பின்பக்கத்தில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். நாலு வருஷம் படிப்பு, அப்புறம் வேலை தேட ஒரு வருஷம். இந்த ஐந்து வருஷமும் நாம் கட்ட வேண்டாம், ஆனால் வட்டி சும்மா உட்கார்ந்திருக்காது, அது பாட்டுக்கு வளரும். அப்புறம் மாசம் பன்னிரண்டாயிரத்துச் சில்லறை, பத்து வருஷத்துக்கு. அப்பாவின் சம்பளம் பத்தொன்பதாயிரம். எல்லாம் அடைந்து முடியும்போது எனக்கு முப்பத்து மூன்று வயது ஆகியிருக்கும்.

இதை அம்மாவிடம் காட்டினேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "முப்பத்து மூணுல உன் புள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ் கேக்கும்டி. அதுக்கு வேற லோனு போட்டுக்க."

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிறார் என்று எங்கள் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்வோம். பொய் இல்லை. அந்தக் கம்பெனியின் வாசலில் செக்யூரிட்டி உடுப்புப் போட்டுக்கொண்டு, வருகிற கார்களுக்குத் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிடுகிறார். கழுத்தில் கார்டு தொங்க உள்ளே போகிற பெண்பிள்ளைகளைப் பதினோரு வருஷமாகப் பார்த்துவிட்டார். அவர்களில் ஒருத்தியாக நான் போக வேண்டும், கட்டையை அவர் தூக்க வேண்டும். இதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மாவுக்கும் எனக்கும் தெரியும். அதனால்தான் அம்மா முழுசாக வேண்டாம் என்று சொல்லாமல் பி.காம். பி.காம். என்று முனகுவதோடு நிறுத்திக்கொண்டாள்.

வேலைக்கு அப்பா தினமும் விடியற்காலை ரயிலில் போவார். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வீடு இங்கே, பிழைப்பு பெங்களூரில். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். வருஷக்கணக்கில் அதே பெட்டி, அதே இடம், அதே பத்துப் பன்னிரண்டு பேர். மடிமேல் ஒரு பழைய சூட்கேஸைப் போட்டு ரம்மி ஆடுவார்கள். நாட்டின் எல்லா விவகாரங்களும் அந்த சூட்கேஸின் மேல்தான் தீர்ப்பாகும். எங்கள் வீட்டு விவகாரங்களும் அப்படித்தான். எனக்கு என்ன பெயர் வைப்பது என்றுகூட அங்கேதான் முடிவாயிற்றாம். அம்மா இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

என் லோன் விவகாரமும் அங்கே போனது. பெட்டி ஒருமனதாக, "போடு" என்றது. எல்லோரையும்விட உரக்கச் சொன்னவர் ஜன்னலோரத்து மாமா. அப்பாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர், எங்கள் லைனிலேயே நாலு வீடு தள்ளி இருக்கிறவர். ஜன்னலோர இடத்தை யாருக்கும் விடமாட்டார், அப்பாவுக்கு மட்டும் பக்கத்தில் கைக்குட்டை போட்டுப் பிடித்து வைப்பார். அவருடைய பையன் லோன் போட்டு பி.இ. படித்தவன். "என் பையன் இன்னா, நாசமாவா பூட்டான்? பெரிய கம்பெனில கீறான். தைரியமா வாங்கு மச்சான்" என்றாராம். அப்படியே கட்ட முடியாமல் போனாலும் பயம் இல்லையாம். ஒன்று, எலெக்ஷன் வந்தால் தள்ளுபடி செய்துவிடுவார்கள். இரண்டு, மூடிக் கிடக்கிற தங்கச் சுரங்கம் மறுபடியும் திறக்கப்போகிறது, திறந்தால் எல்லோருக்கும் வேலையும் வரவேண்டிய பாக்கிப் பணமும் வரும். நான் பிறந்த நாளிலிருந்து இந்த சுரங்கம் அடுத்த மாதம் திறக்கப்போகிறது. அதை நம்பி எங்கள் ஊரில் நடந்த கல்யாணங்களை எண்ணினால் ஒரு மண்டபம் பத்தாது.

வியாழக்கிழமை பேங்குக்குப் போனோம். அப்பா இருக்கிற எல்லாக் காகிதங்களையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு எடுத்து வந்திருந்தார். என் மார்க் கார்டு, காலேஜ் கடிதம், சம்பள ரசீது, எதற்கும் இருக்கட்டும் என்று தாத்தாவின் சுரங்க வேலை சர்டிபிகேட்டும். தாத்தா செத்து எட்டு வருஷமாகிறது. அவர் மண்ணுக்கடியில் எத்தனையாவது லெவலில் வேலை செய்தார் என்பதைப் பார்த்து எனக்கு லோன் கொடுப்பார்கள் என்று அப்பா நம்பினார்.

கவுன்டரில் ஒரு அம்மா இருந்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு அப்பாவின் பான் கார்டு நம்பரைத் தட்டினார். கொஞ்ச நேரம் பார்த்தார். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கன்னடத்தில் கேட்டார்.

"இவ ஒருத்திதான் மேடம்" என்றார் அப்பா.

"பையன் இல்லையா?"

"இல்ல மேடம்."

"அப்போ இந்த பி.இ. படிச்ச பையன் யாரு?" என்று திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு கல்விக் கடன். நாலு லட்சத்து எண்பதாயிரம். வாங்கியவன் ஜன்னலோரத்து மாமாவின் பையன். ஜாமீன் போட்டவர் என் அப்பா. தவணை நின்று இரண்டு வருஷம் ஆகிறது. இந்த நிலையில் உங்களுக்குப் புது லோன் கிடையாது, கடன் நாணயத்துக்குப் போடுகிற உங்களுடைய ஸ்கோர் விழுந்துவிட்டது என்று அந்த அம்மா நிதானமாக விளக்கினார். தமிழிலும் ஒருமுறை சொன்னார், புரியட்டும் என்று.

அப்பா சிரித்தார். ஏதோ ஆள்மாறாட்டம் நடந்துவிட்டது என்கிற மாதிரி சிரிப்பு.

"நான் கடன் வாங்கலயே மேடம். கையெழுத்துதானே போட்டேன்?"

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "சார், இந்த ஊர்ல வர்றவங்க எல்லாருமே இதைத்தான் சொல்றாங்க" என்றார்.

அப்பா முட்டாள் இல்லை. மற்றவர்கள் மாதிரி அவரும் எங்கள் ஊர்க்காரர், அவ்வளவுதான். சுரங்கம் ஓடிய காலத்தில் சொசைட்டியில் கடன் வாங்க வேண்டுமானால் அதே ஷிஃப்டில் வேலை செய்கிற இரண்டு பேர் ஜாமீன் போட வேண்டும். ஒரே கேஜில் நின்று பூமிக்குள் இறங்குகிறவன் காகிதத்தை நீட்டினால் மாட்டேன் என்று எவன் சொல்வான்? போட்டார்கள். போட்டவர்களுக்கு ஒரு கேடும் வரவில்லை. ஏனென்றால் தவணை சம்பளத்திலேயே கட்டிங் ஆகிவிடும். கவர் கைக்கு வரும் முன்பே கம்பெனி எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கொடுக்கும். வாங்கினவன் ஏமாற்ற நினைத்தாலும் முடியாது. ஆக ஜாமீன் கையெழுத்துக்குச் செலவே கிடையாது என்பது எங்கள் ஆட்களின் ரத்தத்தில் ஊறிவிட்டது. கல்யாணத்தில் மொய் எழுதவாவது நூறு ரூபாய் வேண்டும், இதற்குப் பேனாகூட அடுத்தவனுடையது. பிறகு சுரங்கம் மூடிற்று. சம்பளக் கவர் போயிற்று, கட்டிங் போயிற்று. கையெழுத்துப் போடுகிற வழக்கத்தை மட்டும் யாரும் மூடவில்லை. தாத்தாவைப் பார்த்து அப்பா போட்டார்.

நான் கெஞ்சியதில் அந்த அம்மா கொஞ்சம் இறங்கினார். சுத்தமான ஸ்கோரும் மாதச் சம்பளமும் உள்ள ஒருவர் எனக்கு ஜாமீன் போட்டால் மேனேஜரிடம் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். யாருடைய ஸ்கோரானாலும் போனிலேயே பார்க்கலாம் என்று அதற்கான ஆப் ஒன்றையும் காட்டினார். பான் நம்பர் போட்டால் ஓ.டி.பி. வரும், அதைப் போட்டால் நம் ஜாதகமே வந்துவிடும்.

வீட்டில் அம்மா ஆடிய ஆட்டத்தை எழுதினால் அச்சில் வராது. வருகிறதை மட்டும் எழுதுகிறேன்.

"ஊருக்கெல்லாம் கையெழுத்து! எவன் புள்ளையோ படிச்சான், எவனோ சம்பாரிச்சான், எம் பொண்ணு நடுத்தெருவுல நிக்குது! அந்த ஆளு தெனமும் உன் பக்கத்துல குந்திகினு, லோன் போடு லோன் போடுன்னானே, அப்பகூட ஒரு வார்த்த சொன்னானா?"

அப்பா சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "நம்ம பொட்டில பத்துப் பன்னெண்டு பேரு கீறாங்க. ஒருத்தன் போடமாட்டானா பாப்பாவுக்கு?" என்றார். பட்டும் புத்தி வரவில்லை பாருங்கள். ஆனால் எனக்கும் வேறு வழி தெரியவில்லை. சீட்டுக்கு மறுநாள் கடைசி. அப்பாவின் ரயிலில் போய், ஐ.டி. கம்பெனிகள் இருக்கிற ஒயிட்ஃபீல்டில் இறங்கினால் அங்கிருந்து காலேஜுக்கு பஸ் உண்டு. ரயிலிலேயே ஜாமீன் ஆளைப் பிடித்துவிட்டால் காலேஜில் பேசி இரண்டு நாள் அவகாசம் கேட்கலாம். நான் கிளம்பினேன்.

ஸ்டேஷனுக்கு நடக்கும்போது அப்பா ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டார். "அவன் கிட்ட அந்தப் பேச்ச எடுக்காதம்மா. பத்து பேரு எதிர்ல அவன் மொகம் வாடிப்பூடும்." என் வாழ்க்கை வாடுவது அவருக்குப் பரவாயில்லை போல. பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன்.

பெட்டியில் எனக்கு ராஜமரியாதை. "வாங்க இன்ஜினியரம்மா" என்று இடம் விட்டார்கள். ஜன்னலோரத்து மாமா வழக்கம்போலக் கைக்குட்டையை எடுத்து அப்பாவுக்கு இடம் கொடுத்தார். அப்பா உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, எனக்கு ஒரு ஜாமீன் தேவைப்படுகிறது என்றார். தன்னுடையது ஏன் ஆகாது என்பதைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

"இதுக்கா இவ்ளோ யோசன? குடு பேனாவ!" என்றார் பைப் கம்பெனியில் வேலை செய்கிற பெரியப்பா. "நீ இன்னாத்துக்கு, நான் போடறேன்" என்று ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிற அண்ணன் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். "ரெண்டு பேரும் சும்மா இருங்க, பாப்பா எனக்கு மருமக மாதிரி" என்றார் ஓட்டலில் கேஷியராக இருக்கிற இன்னொருவர். என் கண் கலங்கிவிட்டது. சே, இந்த ஜனங்களைப் போய்த் திட்டினோமே என்றிருந்தது.

பேங்க் அம்மா காட்டிய ஆப் பற்றிச் சொன்னேன். ஸ்கோர் சுத்தமாக இருக்க வேண்டும் என்றேன்.

"நாங்க சுத்தம் இல்லியா? ஒருத்தன் கிட்ட ஒத்த ரூபா ஏமாத்தினதில்ல" என்று பைப் கம்பெனிப் பெரியப்பா போனை நீட்டினார். பங்காருபேட்டை தாண்டியதும் சிக்னல் போய்விட்டது. டேக்கல் வரைக்கும் எல்லோரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு வந்தோம். ஓ.டி.பி. வந்தது. போட்டேன். சிவப்பு. ஓட்டல் கேஷியரின் வீட்டுக் கடனுக்கு ஜாமீன், ஏழு தவணை பாக்கி.

"டேய், நீ கட்டலியா?" என்றார் பெரியப்பா.

"அது... நடுவுல கொஞ்சம் நின்னு பூட்ச்சி" என்றார் கேஷியர். அவர் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். அவர் பெயரில் அவருடைய கடனும் இருந்தது, லிஃப்ட் அண்ணனின் பைக் கடனுக்கு ஜாமீனும் இருந்தது. லிஃப்ட் அண்ணன் போட்டிருந்த ஜாமீன் பைப் கம்பெனிப் பெரியப்பாவின் தனிக் கடனுக்கு.

"பைக்க எப்பவோ வித்துட்டியேடா!" என்று பெரியப்பா லிஃப்ட் அண்ணனைப் பிடித்தார்.

"வித்தா இன்னா? லோன் வேற, பைக் வேற" என்றார் அண்ணன்.

"நீ மட்டும் யோக்கியமா? என் தலைல கைய வெச்சிட்டு, என்னயே கேக்கற!" என்று அவரே பெரியப்பா மேல் பாய்ந்தார்.

சீட்டுக்கட்டு கீழே விழுந்தது. பெட்டியே எழுந்து நின்று கத்தியது. அந்தக் கூச்சலிலும் ஒவ்வொருவராக என்னிடம் போனை நீட்டுவதை நிறுத்தவில்லை. "பாப்பா, எனக்குப் பாரு." "பாப்பா, இது இன்னா சொல்லுது?" கிளி ஜோசியம் பார்க்கிறவளைப் போல நான் நடுவில் உட்கார்ந்து எடுத்து எடுத்துக் கொடுத்தேன். மாலூர் வருவதற்குள் ஒன்பது பேருக்குப் பார்த்துவிட்டேன். ஒன்பது பேரும் ஒருவருக்கொருவர் ஜாமீன். மூன்று பேருக்குத் தாங்கள் யாருக்குப் போட்டோம் என்பதே நினைவில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எனக்கு ஜாமீன் போட அந்தப் பெட்டியில் ஆளே இல்லை.

ஜன்னலோரத்து மாமா மட்டும் போனைக் கொடுக்கவில்லை. சார்ஜ் இல்லை என்றார். சொல்லும்போதே அது அவர் பையில் மணியடித்தது.

அப்பா என் காலை மிதித்தார். சத்தியத்தை ஞாபகப்படுத்துகிறாராம். நான் சத்தியத்தை மீறவில்லை. ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டேன்.

"மாமா, உங்க பையன்தான் பெரிய கம்பெனில கீறாரே. அவர் போட்டா ஆவாதா?"

"அதானே!" என்றது பெட்டி. "பையனுக்குப் போன போடுய்யா!"

மாமா வெளியே பார்த்தார். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, ஒரு செங்கல் சூளை போய்க்கொண்டிருந்தது. யாரோ மறுபடியும் அவரை உலுக்கினார்கள்.

"நம்பர மாத்திட்டான்" என்றார். "வூட்டுக்கு வந்து எட்டு மாசம் ஆவுது. எந்தக் கம்பெனியும் இல்ல. மொதல்ல பைக்ல சாப்பாடு குடுத்துகினு இருந்தான், இப்ப எங்க கீறான்னே தெரியல. கட்றேன் கட்றேன்னான், நம்பினேன். பேங்க்ல இருந்து ஆள் வந்தப்பதான் தெரிஞ்சிது." அப்பா பக்கம் திரும்பவே இல்லை. "உன் மொகத்துல எப்படி முழிக்கறதுன்னு தெரியாமத்தான் மச்சான், நீயும் போடு நீயும் போடுன்னு சொல்லிகினு இருந்தேன். உன் பொண்ணாவது நல்லாப் படிச்சி கட்டிடும்னு வெச்சிக்கோயேன்."

இது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தான் விழுந்த குழியில் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று மேலே நிற்கிறவனைக் கூப்பிடுகிற நியாயம். அவரைக் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில்தான் எரிச்சல் அதிகம். கீழே விழுந்த சீட்டுகளை அப்பா குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்.

கூச்சல் அடங்கிவிட்டது. பைப் கம்பெனிப் பெரியப்பா கேட்டார்: "பாப்பா, உன் பேர்ல இன்னா காட்டுது?"

லோனுக்காக எனக்கும் பான் கார்டு எடுத்திருந்தோம். போட்டுப் பார்த்தேன். கடன் இல்லை. ஜாமீன் இல்லை. பாக்கி இல்லை. திரை வெள்ளையாக இருந்தது. போனை அவர்கள் கைக்குக் கை மாற்றிப் பார்த்தார்கள். "சுத்தமா கீதுய்யா" என்றார் ஒருவர். பெட்டிக்கே பெருமையாகிவிட்டது. பிறந்த குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

லிஃப்ட் அண்ணன்தான் கடைசியில் போனைத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்.

"பாப்பாவுக்குப் பதினெட்டு ஆயிடிச்சா?"

"போன மாசம் ஆச்சுண்ணா."

அவர் டிஃபன் பையைத் திறந்தார். சாம்பார் டப்பாவுக்கு அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து, சூட்கேஸின் மேல் வைத்துத் தேய்த்து நேராக்கினார்.

"தங்கச்சி நர்சிங் சேரணும்னு நிக்கிது. அதுக்கும் லோன்தான். யாரும் கெடைக்காம மூணு வாரமா பையில வெச்சிகினே சுத்தறேன். உன் பேரு சுத்தமா கீது. இங்க ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. கையெழுத்துதானேம்மா?"

எனக்குச் சம்பளம் கிடையாது, வேலை கிடையாது, அன்று சாயந்திரத்துக்குப் பிறகு காலேஜும் இருக்குமா தெரியாது. எனக்கே ஜாமீன் தேடித்தான் அந்த ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். இது எதுவும் அவருக்கு உறைக்கவில்லை. அதை விடுங்கள். எனக்கும் உறைக்கவில்லை. அவர் தங்கையை எனக்குத் தெரியும், ஸ்கூலில் எனக்குப் பக்கத்து பெஞ்ச். அவர் பேனாவை நீட்டினார், என் கை போய் வாங்கிக்கொண்டது. மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். இவ்வளவு கணக்குப் போட்டவள், இவ்வளவு பேரைக் கிண்டல் செய்தவள், மூடியைத் திறந்துவிட்டு எங்கே போட வேண்டும் என்று இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது. பேனாவைப் பிடுங்கினார்.

"அவ போடமாட்டா" என்றார்.

"இன்னாண்ணே, கையெழுத்துதானே..."

"போடமாட்டான்னா போடமாட்டா!" அப்பா எழுந்து நின்றுவிட்டார். அவர் யாருக்கும் மாட்டேன் என்று சொல்லி நான் பார்த்ததே இல்லை. அதனால் அவருக்கு அது சரியாக வரவும் இல்லை, குரல் பிசிறியது. "எந்தக் கடன்லயும் அவ கையெழுத்துப் போடமாட்டா. யாருக்கும் போடமாட்டா, எதுக்கும் போடமாட்டா. அவ பேரு மட்டுமாவது அப்படியே இருக்கட்டும்!"

லிஃப்ட் அண்ணன் காகிதத்தை மடித்து டப்பாவுக்கு அடியில் வைத்தார். அப்பா உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அவர் பார்வை என் மடியிலிருந்த பிளாஸ்டிக் ஃபைலுக்கு வந்தது. அதற்குள் என் லோன் விண்ணப்பம் இருந்தது. அதில் நான்கு இடங்களில் என் கையெழுத்துக்குக் கட்டம் போட்டிருந்தது. அவர் சற்று முன் கத்தியதில் அந்த நான்கு கட்டங்களும் அடங்கிவிட்டன என்பது அவருக்கு அப்போதுதான் எட்டியது. என்னைப் பார்த்தார். மாற்றிச் சொல்லு என்று நான் கேட்டிருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பார். எந்த வட்டிக்காரனிடம் போயாவது அந்தச் சீட்டை வாங்கிக் கொடுத்திருப்பார். எனக்கு அது தெரியும். கேட்கத்தான் வாயைத் திறந்தேன். நான் விரும்பிய எல்லாம் அந்த ஃபைலில் இருந்தது.

காலேஜுக்கு நான் இறங்க வேண்டிய ஒயிட்ஃபீல்டு வந்தது. பாதிப் பெட்டி எழுந்து வாசலுக்கு முண்டியது. கழுத்தில் கார்டு மாட்டிய பெண்கள் பையை முன்னால் அணைத்துக்கொண்டு எங்கள் முழங்கால்களில் இடித்தபடி போனார்கள். அப்பா காலை மடக்கி அவர்களுக்கு வழி விட்டார். நானும் என் காலை மடக்கிக்கொண்டேன்.